செம்பனைக்குள் போன ரேஸ் ரோடு

மலேசியாவில் கோலா பிலா போகும் வழியில், நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத் தடம் இருந்தது. தோட்டத்துச் சனங்கள் ரேஸ் ரோடு என்போம். இன்று அப்படிச் சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை.

அப்போதைய மேனேஜருக்கு மோட்டார் பைத்தியம். வயதான ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்த நிலத்தைச் சுற்றி ரோடு போடச் சொன்னார். என் அப்பாவும் அவரோடு வேலை செய்தவர்களும் அடிக்கட்டைகளைப் பிடுங்கி, செம்மண் கொட்டி, வளைவுகளைக் கையாலேயே தட்டிச் சமன் செய்தார்கள். தார் பிறகு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பானிலிருந்து மோட்டார் கிளப் ஆட்கள் மோட்டார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அவர்கள் ஓடி முடித்துக் கூடாரத்துக்குச் சாப்பிடப் போன பிறகு, தோட்டத்து இளைஞர்களுக்கு ஒரே ஓர் ஓட்டம் கிடைக்கும். மற்றவர்கள் ரோட்டோரம் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்போம்.

அதில்தான் என் கணவர் ஓடினார். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கோவில் பக்கத்து வளைவில் மோட்டார் வழுக்கி, அவருடைய இடது கால் முறிந்தது. கொஞ்ச நாளில் மேனேஜர் மாற்றலாகிப் போனார். தோட்டம் கைமாறியது. வந்தவர்கள் தாரைப் பெயர்த்துவிட்டுச் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள்.

போன மாதம் எங்கள் மகள் போனில் ஒரு பக்கத்தைக் காட்டினாள். அந்தத் தடத்தின் வரலாறாம். யோசித்தது கிளப், ரோடு போட்டது கிளப், ஓடியதும் கிளப். கூடவே ஒரு பழைய படம். அதில் என் கணவர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். கீழே மலாயில், வேடிக்கை பார்க்கும் தோட்டத் தொழிலாளர்கள் என்று எழுதியிருந்தது.

“வேடிக்க பாக்கறவன் ஹெல்மெட் தூக்கிட்டா வருவான்?” என்றார்.

தானும் ஓடியதாக அந்தப் பக்கத்தில் எழுதினார். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இப்போது நாங்கள் குடியிருக்கும் அம்பாங்கானிலிருந்து கிளம்பினோம். அவரால் நெடுநேரம் கிளட்ச் மிதிக்க முடியாது, நான்தான் ஓட்டினேன். தோட்டத்து கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகா ஒரு மலாய் இளைஞன். இங்கே பனை மட்டும்தான், ரேஸெல்லாம் கிடையாது என்றான். அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு ஆபீசுக்குப் போன் செய்து கேட்டு, எங்களை உள்ளே விட்டுத் தானும் மோட்டாரில் பின்னால் வந்தான்.

எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை. அடையாளத்துக்கு இருந்த கோவிலையும் பெரிய ரோட்டோரத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். கடைசியில், வெட்டிப் போட்ட மட்டைகளுக்கு அடியில் பாய் அகலத்துக்கு மிஞ்சியிருந்த தார் தெரிந்தது.

“இதான் அந்த வளைவு,” என்றார்.

“நேரால்ல போவுது. வளைவுன்னா திரும்ப வேணாமாங்க?”

“நீ கயித்துக்கு அந்தாண்ட நின்னவ. வேடிக்க பாத்தவளுக்கு என்ன தெரியும் லா?”

எனக்குச் சுருக்கென்றது.

“கயித்துக்குள்ள பூந்து ஒங்க கால மடியில வச்சிட்டு இருந்தது யாரு? லாரி வர்ற வரைக்கும் யாரு புடிச்சிருந்தா?”

அவர் குனிய முடியாமல் குனிந்து மட்டைகளை இழுத்துப் போட்டார். நானும் இழுத்தேன். முள் குத்தியதுதான் மிச்சம், வளைவு கிடைக்கவில்லை. ஜாகா கடிகாரத்தைப் பார்த்தான். இருந்த தாரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். அதை அந்தப் பக்கத்துக்கு அனுப்பியதற்கு, இது எந்தத் தோட்டத்து ரோடாகவும் இருக்கலாமே என்று பதில் வந்தது.

நேற்று அவர் தோட்டத்துக் கம்பெனியின் தலைமை ஆபீசுக்குப் போன் செய்தார். மட்டைகளை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தை முழுதாகப் பார்க்க அனுமதி வேண்டும் என்றார். ஆள் மாற்றி ஆள் பேசி, கடைசியில் ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“ரேஸ் டிராக்னா, ஜாகிங் போற எடமா அங்கிள்?”

“இல்லம்மா. மோட்டார் ரேஸு. நாங்களே போட்ட ரோடு.”

“அதெல்லாம் செப்பாங் சர்க்யூட்லதானே இருக்கு அங்கிள்?”

அவர் மேனேஜரிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். செம்மண் கொட்டிய இடத்துக்கு வருவதற்குள் லைன் கட்டாகிப் போனது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அதே எண்ணைத் திரும்ப அழுத்தினேன்.