வாத்துக் கொழுப்பு

அமெரிக்காவில், பிளசன்டனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில், சிப்ஸ் அடுக்கியிருக்கும் வரிசையில், போன வாரம் ஒரு புதுப் பொட்டலம் பார்த்தேன். கறுப்பு உறை, பொன்னெழுத்து. 'வாத்துக் கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கு' என்று முன்பக்கத்திலேயே பெருமையாகப் போட்டிருந்தார்கள். மருந்து கம்பெனி ஒன்றில், விதிமுறைகளை எல்லோரும் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்களா என்று பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பொட்டலத்தையும் பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்காமல் கூடையில் போடமாட்டேன். இதில் படிக்க எதையும் மிச்சம் வைக்கவில்லை. யோக்கியமான கம்பெனி. முன்பு நாங்கள் போன ஒரு பிரெஞ்சுக் கிராமத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கும் இந்த யோக்கியதை இருந்திருக்கலாம். அவர்களும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் கரும்பலகையில், கோழிக் கிறுக்கலில், தூணுக்குப் பின்னால்.

பொடி எழுத்துப் படிக்கும் பழக்கம் எனக்கு வேலையோடு வந்தது. நாயகத்துக்கு அது வீட்டிலிருந்தே வந்தது. கோமதிநாயகம் என் மனைவி சங்கரியின் அண்ணன். அதற்கும் முன்னால் கிண்டி எஞ்சினியரிங் கல்லூரியில் என் விடுதி அறைத்தோழன். உறவு பிறகுதான் வந்தது. 'டா' அதற்கு முன்பே வந்துவிட்டது. கல்யாணத்தன்று எனக்கு மாலை போட வந்தவன், மேளச் சத்தத்துக்கு நடுவே, "தலையக் குனிடா, எட்டல" என்றான். பெண் வீட்டார் சிலர் முகம் சுளித்தார்கள். அவன் கவலைப்படவில்லை.

திருநெல்வேலிச் சைவக் குடும்பம். அமெரிக்காவுக்கு வந்தபின் இந்தச் சைவம் அவனுக்கு ஒரு முழுநேர உத்தியோகம் ஆகிவிட்டது. டப்பாவில் வரும் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா, தயிரில் ஜெலட்டின் இருக்கிறதா, சீஸ் எதைக் கொண்டு உறைய வைத்தது, எல்லாம் அத்துப்படி. விருந்துகளில் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகள் சேர்ந்த கல்லூரியைச் சொல்லிக்கொள்வார்கள். இவன், "இந்த நாட்டுல கால் வச்ச நாள்லேர்ந்து தெரிஞ்சோ தெரியாமலோ ஒரு வாய் தப்பினதில்ல" என்பான். 'தெரியாமலோ' என்பதை எப்படி உறுதியாகச் சொல்லமுடியும் என்று நான் ஒருமுறை கேட்டேன். "உனக்குத்தான்டா எல்லாத்துக்கும் ப்ரூஃப் வேணும்" என்றான்.

சரி, தொர்தோனுக்கு வருகிறேன். பிரான்சின் தென்மேற்கே ஆற்றோரமாகக் கிடக்கும் பகுதி. அவன் மகள் தீபா இணையத்தில் படங்களைப் பார்த்து மயங்கி, இரண்டு குடும்பத்துக்குமாக ஒரு பண்ணை வீட்டை புக் பண்ணிவிட்டாள். நாயகம், அவன் மனைவி வள்ளி, தீபா, சங்கரி, நான். ஐந்து பேருக்கு ஒரு வாடகைக் கார்.

அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகு நம்மை நிம்மதியாக இருக்கவிடாது. தேன் நிறக் கல்லில் ஒரு கிராமம், அதைப் பார்த்து முடிப்பதற்குள் அதே தேன் நிறத்தில் அடுத்த கிராமம். ஒவ்வொன்றின் வாசலிலும் தன்னை மிக அழகான கிராமம் என்று அறிவிக்கும் பலகை. பக்கத்திலேயே சிரிக்கிற வாத்தின் படம் போட்ட இன்னொரு பலகை. அந்த வாத்தின் ஈரலை என்ன செய்து கொழுக்க வைக்கிறார்கள் என்பதைத் தீபா முதல் நாளே காரில் வாசித்துக் காட்டிவிட்டாள். அதன்பிறகு வள்ளி அந்தப் பலகைகள் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். ஆகவே பாதி தொர்தோனை அவள் பார்க்கவே இல்லை.

ஆற்றின் இரு கரையிலும் குன்றின்மேல் எதிரெதிராக இரண்டு கோட்டைகள். காலங்காலமாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தனவாம். அவற்றுக்கு நடுவே ஓர் ஆறேனும் இருந்தது. எனக்கும் நாயகத்துக்கும் நடுவே கியர் மட்டும்தான். கடைக்குள் நுழைந்தால் முதலில் பொன்ஜூர் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் சாமானைத் தரமாட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று கிளம்பும் முன்பே சொல்லியிருந்தேன். "காசு குடுக்குறவன் நான், வணக்கமும் நானே சொல்லணுமா?" என்று நேரே போய்த் தண்ணீர் பாட்டில் விலை கேட்டான். கடைக்கார அம்மாள் அவன் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பகல் இரண்டு மணி தாண்டினால் சாப்பாட்டுக் கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள் என்றும் சொன்னேன். அவன் நம்பவில்லை; குகை ஓவியம் பார்த்துவிட்டு நிதானமாகப் போனோம், அடுப்பு அணைந்திருந்தது. ரொட்டியில் பருப்புப்பொடி தடவிச் சாப்பிட்டோம். வண்டி நிறுத்துமிடத்தில், வந்த நேரத்தைக் காட்டும் நீல அட்டையைக் கண்ணாடிக்குள் வைக்கவேண்டும் என்றேன். வைக்கவில்லை. அபராதச் சீட்டு வந்தது. "நீ சொல்லிச் சொல்லித்தான்டா வருது" என்றான்.

பரிசலில் போனது தனிக் கூத்து. பரிசல் என்று பழக்கத்தில் சொல்கிறேன். நீளமான பிளாஸ்டிக் படகு. இரண்டு எஞ்சினியர்கள், ஆளுக்கொரு துடுப்பு. "வலது பக்கம் இழுடா!" என்று அவன் கத்த, "நான் வலதுதான் இழுக்கறேன், நீதான்டா இடது பக்கம் ஊன்றிக்கிட்டிருக்க" என்று நான் கத்த, படகு அதே இடத்தில் சுற்றியது. பெண்கள் மூவரும் வேறு படகில் எங்களைத் தாண்டிப் போனார்கள். சங்கரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையேறியபோது இருவரும் இடுப்புவரை நனைந்திருந்தோம், நல்ல பசி.

அப்படித்தான் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அதிசயமாகச் சரியான நேரத்தில். வால்நட் மரத்தடியில் மேசைகள். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் நாயகத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் பழக்கியிருந்தேன்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம். கொழுப்பையும் சேர்த்துக்கொள் என்று விமானத்திலேயே சொன்னேன். "அவ்ளோ நீளம் வாய்ல நுழையாதுடா, போதும்" என்றான். பரிமாற வந்த பெண்ணிடம் வாக்கியத்தைச் சொன்னான். அவள் யோசித்துவிட்டு, உருளைக்கிழங்கு இருக்கிறது, அதில் இறைச்சி கிடையாது என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

வட்ட வட்டமாக நறுக்கி, விளிம்பு முறுகச் சிவந்த உருளைக்கிழங்கு. மேலே பூண்டும் ஏதோ ஒரு கீரையும். நாயகம் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். இரண்டாவது தட்டும் வாங்கினான்.

"எங்க வீட்டு வறுவல் தோத்துதுடா. இந்த ஊர்ல சாப்பாடு இல்லன்னு எவன் சொன்னான்?"

நான் ரொட்டியும் சாலடும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பும் வழியில் தூணுக்குப் பின்னால் அந்தக் கரும்பலகை. படித்தேன். மறுபடி படித்தேன். முறைமீறல் தெரிய வந்தால் தெரிந்த உடனே சொல்லவேண்டும். எத்தனை பெரிய மனிதரின் வேலையாக இருந்தாலும் சொல்லவேண்டும். அதுதான் விதி. மேசைக்கு வந்து சொன்னேன்.

"நாயகம், போதும், வச்சுடு. அதுல கொழுப்பு."

"கொழுப்பு உனக்குத்தான்டா" என்று சிரித்துக்கொண்டே முள்கரண்டியால் குத்தி எடுத்தான்.

"வாத்துக் கொழுப்புல வறுத்திருக்கான்."

முள்கரண்டி பாதி வழியில் நின்றது. வள்ளி தன் தட்டைத் தள்ளி வைத்தாள்; சாலடை முடித்தவள், உருளைக்கிழங்கை இன்னும் தொட்டிருக்கவில்லை. தீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஓ மை காட், அப்பா, யூ ஹேட் டூ பிளேட்ஸ்!" அந்தச் சிரிப்பை மட்டும் அவள் அடக்கியிருந்தால் ஒருவேளை எல்லாமே வேறு மாதிரி போயிருக்கும். அவன் எழுந்துபோய்க் கிராமத்துக் குழாயடியில் வாயைக் கொப்பளித்தான், கொப்பளித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஈரமுகத்தோடு என் எதிரே வந்து நின்றான்.

"உனக்கு எப்ப தெரியும்? நான் முதல் வாய் வைக்கும்போதே தெரியுமா?"

"இப்பதான்டா பார்த்தேன். அந்த போர்டுல."

"நீயா? எல்லாத்தையும் படிக்கிறவன் நீ. உள்ள நுழையும்போது அத மட்டும் படிக்கல?"

"தூணுக்குப் பின்னாடி இருந்தது."

"நான் ரெண்டாவது தட்டு முடிக்கட்டும்னு வெயிட் பண்ணியிருக்க."

இதற்கு என்ன ஆதாரம் காட்டுவது? அந்தப் பலகையைப் பெயர்த்து எடுத்து வரமுடியாது. நான் சத்தம் போட்டேன், அவனும் போட்டான். பக்கத்து மேசைகளில் பிரெஞ்சுக்காரர்கள் வாத்துத் தொடையைக் கடிப்பதை நிறுத்தினார்கள். காரில் ஏறும்போது சங்கரி என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு? தெரியாம தின்னான், தெரியாமலே ஊருக்குப் போயிருப்பான். இப்ப யாருக்கு என்ன லாபம்?"

நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. சொல்லாமல் இருந்திருந்தால், அவன் ஒவ்வொரு விருந்திலும் 'ஒரு வாய் தப்பினதில்ல' என்னும்போது நான் எதிரே உட்கார்ந்து தலையாட்டியிருக்க வேண்டும். அந்த நடிப்பு எனக்கு வராது.

மறுநாள் காலை பண்ணை வீட்டுச் சமையலறையில் காபியோடு நின்றிருந்தான். நான் உள்ளே போனேன்.

"காபி குடிச்சிட்டீங்களா?" என்றான்.

எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அன்றிலிருந்து அப்படித்தான். திட்டவில்லை, பேச்சை நிறுத்தவில்லை. பேச்சை நிறுத்தினால் சமாதானம் பேச ஆள் வருவார்கள். மரியாதை கொடுப்பவனிடம் போய் யார் என்ன கேட்பது? பிளசன்டன் திரும்பியபின் தீபாவளிக்குப் போனால், "வாங்க, உக்காருங்க". புறப்பட்டால், "பார்த்துப் போங்க". புதிதாக வந்த ஒருவரிடம் என்னை, "இவங்க என் தங்கச்சி வீட்டுக்காரர்" என்று அறிமுகம் செய்தான். பொய்யில்லை. விடுதி என்ற சொல் மட்டும் விழவில்லை. விருந்துகளில் அந்த 'ஒரு வாய்' பேச்சும் நின்றுபோயிற்று. வள்ளி சொன்னாள், வீட்டில் அவன் உருளைக்கிழங்கே தொடுவதில்லையாம். இவ்வளவு பிடிவாதக்காரனிடம் அத்தனை மரியாதை இருப்பு இருந்தது எனக்குத் தெரியாது.

பிறகு தீபாவுக்கு டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் வேலை கிடைக்க, நாயகமும் வள்ளியும் அவளோடு அங்கே போய்விட்டார்கள். இங்கே எல்லோருக்கும் நான் அங்கிள். கோயிலில் அங்கிள், பூங்காவில் அங்கிள், பல் டாக்டர் பெண்ணுக்கும் அங்கிள். விடுதியில் கூட இருந்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருக்கிற ஓரிருவருக்குக் காது கேட்பதில்லை.

சென்ற மாதம் அவனுக்கு முழங்கால் அறுவை நடந்திருக்கிறது. சங்கரிக்கு வள்ளி சொல்லித்தான் எனக்கே தெரியும். போன் பண்ணினேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்னுதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டேய் நாயகம்!" என்று கத்தினேன். அடுத்த அறையிலிருந்து சங்கரி எட்டிப் பார்த்தாள். ஒரு 'டா', இல்லை ஒரு கெட்ட வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தேன்.

"சொல்லுங்க" என்றான்.