அண்ணன் காரின் முத்திரையும் வேலம்பிசினும்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம். பண்டார் ஹிலிர் பக்கம் போனால் கடைக்குக் கடை கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் காஜா பெராங்கில் என் கார் பட்டறைக்குள் பிசின் தேடிக்கொண்டிருந்தேன். ஊரே சந்தோஷமாக இருக்கும்போது உனக்கு என்ன கேடு என்று கேட்ட இரண்டு பேரிடம் எரிந்து விழுந்தேன்.

அண்ணன் வாடகைக் கார் ஓட்டியவர். சண்டைக்கு முன்பே வந்த ஆங்கிலேயக் கார், சொந்தக் கார். ஜப்பான்காரன் பிடுங்கிக்கொள்வான் என்று பயந்து, சக்கரங்களைக் கழற்றி, கம்போங் செட்டியில் ஒரு சிநேகிதர் வீட்டுக் கொட்டகையில் ஒளித்துவைத்தார். காரை யாரும் தேடி வரவில்லை. அண்ணனைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள், சயாமில் ரயில் பாதை போட.

அவர் திரும்பவில்லை. செத்ததைக் கண்ணால் பார்த்தவரும் இல்லை. அதனால் அண்ணி காரியம் செய்ய விடவே இல்லை. சயாமிலேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இருக்கிறாரோ என்னவோ என்று யாரோ வாய் தவறிச் சொன்னபோது, அப்படியாவது இருக்கட்டும் என்றார். சண்டை முடிந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. அதை அவரிடம் சொல்லத்தான் துணிச்சல் இல்லை.

அந்த வருடம் அந்தச் செட்டிச் சிநேகிதர் கொட்டகையை இடிக்க வேண்டியதாயிற்று. தலைமுறை தலைமுறையாக மலாயாவிலேயே ஊறிப்போன செட்டிகள் அவர்கள், அவருக்குத் தமிழ் வராது. தங்கள் வீட்டு மலாயில் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். இவ்வளவு நாள் காத்ததற்கு நான்தான் அவர் காலில் விழ வேண்டும். சக்கரங்களை மறுபடி மாட்டி, காரைக் கயிறு கட்டி இழுத்துவந்தேன்.

டேஷ்போர்டின் நடுவில், கம்பெனி முத்திரை பாதி பெயர்ந்து நின்றது. தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டுகிற தங்க நிற முத்திரை. வெங்காயச் சருகு அளவுக்குக்கூடக் கனம் கிடையாது. கார் வாங்கிய புதிதில் அதன் ஓரம் ஒன்று தூக்கிக்கொள்ள, அண்ணன் வார்னிஷ் தடவி, காய்வதற்குள் கட்டைவிரலால் அழுத்திவிட்டார். அந்த ரேகை அப்படியே நின்றுவிட்டது. சாய்த்துப் பார்த்தால் வரிவரியாகத் தெரியும். வீட்டில் அண்ணனின் போட்டோ ஒன்றுகூட இல்லை. அவர் என்று சொல்ல இருந்தது அந்த ரேகை ஒன்றுதான்.

அண்ணி வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். "வண்டி ஓடாட்டிப் போவுது தம்பி. அந்த வெரலு மட்டும் அழியாம பாத்துக்குங்க."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. டியூப் ஒட்டுகிற சொல்யூஷன் கையெட்டும் தூரத்தில் இருந்தது. உதிர்ந்த துணுக்கு ஒன்றில் வைத்துப் பார்த்தேன், தங்கம் கரைந்து ஓடியது. கஞ்சிப் பசை வைத்தால் கரப்பான் தின்றுவிடும். தச்சர்கள் காய்ச்சும் வச்சிரம் பிடித்தால் விடாது, ஆனால் காயும்போது சுருங்கி முத்திரையையும் சேர்த்து இழுத்து உடைக்கும். கடைசியில் வேலம்பிசின்தான் என்று முடிவு செய்தேன். வெடிக்காமலிருக்க ஒரு சொட்டுத் தேன். அது தண்ணீர் பட்டால் இளகும். கோணலாக ஒட்டினாலும் நனைத்து எடுத்து மறுபடி வைக்கலாம். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் அடியில் தடவி, ஈரம் பிழிந்த பஞ்சால் ஒற்றி ஒற்றிப் படியவைத்தேன். மூன்று நாள் யாரையும் காரின் பக்கம் விடவில்லை. முத்திரை படிந்து நின்றது, ரேகையில் ஒரு வரிகூடக் கலையவில்லை. மறுநாள் அண்ணியை அழைத்துவருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் இன்ஜினும் உறுமிவிட்டது. பட்டறையிலிருந்து எந்த வண்டி வெளியே போனாலும் சந்தனம், குங்குமம் வைத்துத்தான் அனுப்புவேன். கை தானாகச் செய்யும் வேலை. சந்தனத்தைக் குழைத்து பானட்டில் வைத்தேன், ஸ்டியரிங்கில் வைத்தேன். இது அண்ணன் வண்டியாயிற்றே என்று முத்திரையின் மேலும் கொஞ்சம் தாராளமாகவே அப்பினேன். பிறகு அண்ணியை அழைத்துவரப் போனேன்.

நாங்கள் வந்தபோது உச்சிவெயில். ஈரச் சந்தனம் பிசினை இளக்கியிருந்தது. பிறகு காய்ந்து சுருங்கி, முத்திரையைப் பிய்த்துக்கொண்டு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. நான் தடுப்பதற்குள் அண்ணி விரலால் தொட்டார். எல்லாம் அவர் உள்ளங்கையில் உதிர்ந்தது. சந்தனத் துண்டுகளின் அடியில் தங்கம் ஒட்டியிருந்தது. ரேகை இருந்த ஓரம் தூளாகிவிட்டது. வேலை தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். சந்தனமும் காய்ந்தால் சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா?

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவர் கையை மூடிக்கொண்டார்.

"அவருக்குச் செய்ய வேண்டியத செஞ்சிருங்க தம்பி," என்றார்.