ஆழமான பக்கத்து விளிம்பு

பேய் என்று யாராவது பேச்செடுத்தால் சிரிக்கிற ஆள் நான். நீச்சல் குளங்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. குளோரின் நாற்றத்துக்குக் கொசுவே வராது, பேயா வரப்போகிறது என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். ஆனாலும் இது நடந்தது. கதை கட்டுகிற சாமர்த்தியமெல்லாம் எனக்குக் கிடையாது.

அந்த வீட்டுக்காரர் போனில் சொன்ன வேலையே வினோதமாக இருந்தது. வீட்டு நீச்சல் குளத்தை மண் போட்டு மூடப் போகிறாராம். அதற்கு முன் அதிலுள்ள கறை என்ன கறை என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"மூடப்போற குளத்துக்கு எதுக்கு சார் வெட்டிச் செலவு?" என்றேன்.

"என் எட்டு வயசுப் பொண்ணு... அதுலதான் போயிட்டா. அப்பவே தங்கச்சி வீட்டுக்குப் போன என் சம்சாரம் இந்த வாரம்தான் திரும்பி வந்தா. கறை என்னன்னு தெரியாம மூட விடமாட்டேங்கறா."

அன்றைக்கே வருவதாகச் சொன்னேன்.

மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்காரர் என்னைக் குளத்தருகே கூட்டிப்போனார். அந்த அம்மா குளத்தின் ஆழமான பக்கத்தில், வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். சுவரில், தண்ணீருக்குள், உள்ளங்கை அகலத்தில் ஒரு பழுப்புக் கறை.

"ரத்தமா?" என்றார்.

குளத்துத் தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டாரை நிறுத்தினேன். குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டு, வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறையின் மேல் அழுத்தித் தேய்த்தேன். இலை தழைக் கறை இதற்கு மசியாது. இரும்பென்றால் வெளுக்கும். வெளுத்தது.

"இரும்புக் கறைம்மா. தண்ணியில இருக்கறதுதான். ரத்தம் இல்ல."

அவர் தலையாட்டினார். கையை எடுக்கும்போதுதான், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, குளத்து விளிம்பு விரலில் பட்டது.

சுற்றிலும் சிமெண்டுப் பூச்சு சொரசொரப்பாக இருந்தது. அங்கே மட்டும் தேய்ந்த சோப்பு மாதிரி வழவழவென்று நான்கு சிறிய குழிகள். பக்கத்தில் இன்னும் நான்கு. என் விரல்கள் அவற்றில் அடங்கவில்லை.

தண்ணீர் சில்லென்று இருந்தது. அந்தக் குழிகளில் மட்டும்... வெதுவெதுப்பு.

க்ளக்.

மோட்டார் ஓடவில்லை. தண்ணீரை அசைக்கக் காற்றும் இல்லை.

க்ளக்... க்ளக்...

என் சுண்டுவிரலை ஒட்டி ஏதோ நகர்ந்தது. எனக்கு இடம் விடுவது போல...

கையை உருவிக்கொண்டேன்.

"சூடா இருக்கா?" என்றார் அந்த அம்மா.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்தேன்.

"அவ இன்னும் பிடிச்சிட்டிருக்காளா, இல்ல முன்னாடி பிடிச்ச தடமா? அத மட்டும் சொல்லுங்கண்ணே. பிடிச்சிட்டிருந்தா நான் எப்படி மூட விடுவேன்?"

பயத்தில் நான் தொழிலைத்தான் பற்றிக்கொண்டேன். தண்ணீர் கெட்டால் பூச்சு எல்லா இடத்திலும் அரிக்கும். ஒரே இடத்தில் தேய்ந்தால் அது கை பட்ட தேய்மானம். ஆழத்தைப் பார்த்தால் வயதும் தெரியும்.

"நாலஞ்சு வருஷத் தேய்மானம்மா. பாப்பா தினம் தொங்கி விளையாடின தடம். பழசுதான்."

பின்னால் நின்ற கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

அந்த அம்மா விளிம்பைத் தடவிக் கொடுத்தார். "அப்போ மூடிடுங்க" என்றார். பிறகுதான் அழுதார். 

அடுத்த வாரம் அவர் கணவரிடமிருந்து போன்.

"மூடியாச்சு. அவ இப்பதான் நல்லா தூங்கறா. அதனாலதான் அன்னைக்கு நான் வாயத் திறக்கல. ஆனா என்னால தாங்க முடியல."

"என்ன சார்?"

"அவ ஊர்ல இல்லாதப்ப, பாப்பா கை பட்டதப் பாக்க முடியாம, பழைய பூச்சு மொத்தத்தையும் கொத்தி எடுத்துட்டுப் புதுசா பூசினேன். விளிம்பையும் சேர்த்து. பாப்பா போன அடுத்த வாரம். அஞ்சு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் யாருமே எறங்கல."

போனை வைத்துவிட்டார்.

நாலைந்து வருடம் என்று நான் சொன்னது, ஒரு பிள்ளை தினம் இரண்டு மணி நேரம் தொங்கினால் ஆகிற கணக்கு. அதே தேய்மானம் ஐந்தே மாதத்தில் ஆக வேண்டுமென்றால், இராப் பகலாகப் பிடித்தபடியே இருந்திருக்க வேண்டும்.

அந்தக் குழந்தை ஒரு நிமிடம்கூடக் கையை விடவில்லை. அதன் மேல்தான் மண்ணைப் போட்டோம்.