வற்றுக்கு முன்னே வந்த பஸ்

ஜேர்மனியில், வடகடலுக்குப் பக்கத்தில் சதுப்பு நிலம் சூழ்ந்த பழைய ஊர் ஔரிச். நேசமலர் தெற்கே, தமிழர் நிறைய வாழும் ஹம் நகரில் வளர்ந்தவர்; ஹோட்டல் வேலை பழக இங்கே வந்தார், ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டார். இப்போது நகர வழிகாட்டி. கடல் வற்றும்போது சேற்றுத் தரையில் ஆட்களை நடத்திச் செல்லும் உரிமமும் வைத்திருக்கிறார். ஜேர்மன்காரரை எத்தனையோ முறை நடத்திப் போனவர், சொந்தச் சனத்தை ஒருமுறையும் கூட்டிப் போனதில்லை.

ஜூன் மாதத்தில் அதற்கு வழி பிறந்தது. ஹம் தமிழ்ச் சங்கத்தின் குமாரசாமி ஒரு பஸ் ஆட்களைக் கொண்டுவர ஒப்புக்கொண்டார். “சனத்துக்குப் பிடிச்சால் வருசா வருசம் வருவம் தங்கச்சி. பிடிக்காட்டி வழக்கம்போல ஹொலண்டுதான்” என்றார்.

அன்றைக்குக் கடல் வற்று மத்தியானத்துக்குப் பிறகு. நம்மவர் பிந்துவார்கள் என்று தெரிந்த நேசமலர், காலையிலேயே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவைத்தார். அதே காரணத்துக்காகக் குமாரசாமி இன்னும் சில மணிநேரம் முன்தள்ளிச் சனத்துக்குச் சொன்னார். போன வருடம் பஸ்ஸைத் தவறவிட்டுத் திட்டு வாங்கிய சனமோ, இருட்டோடு சட்டிபானையுடன் ஏறிவிட்டது. விடிந்தும் விடியாத நேரத்தில், கடைகள் பூட்டிக்கிடந்த சந்தைச் சதுக்கத்தில் பஸ் வந்து நின்றது.

நேசமலர் ஈரத் தலையோடு ஓடிவந்தார்.

“கடல் எங்கை தங்கச்சி?”

“பெருகிக் கிடக்குது அண்ணை. இப்ப நடக்க ஏலாது.”

“சனம் இடியப்பப் பெட்டியைத் திறந்திட்டுது. அது முடியமுன்னம் ஏதாவது காட்டு. இல்லாட்டி பஸ்ஸைத் திருப்பப் போறன்.”

முதல் பஸ்ஸே திரும்பிப் போனால் இரண்டாவது வராது. சதுப்பை அவர் திட்டத்திலேயே சேர்த்திருக்கவில்லை. சேற்றைப் பார்க்க ஹம்மிலிருந்து யார் வருவார்கள் என்று விட்டிருந்தார். இப்போது வேறு போக்கில்லை; பஸ்ஸை அங்கேயே விடச் சொன்னார்.

ஊருக்கு வெளியே சதுப்பு ஏரி. கறுத்த தண்ணீர்மேல் பனிமூட்டம். பலகைப் பாதையின் இருபுறமும் பஞ்சு வைத்த புல், வெள்ளை வெளேரென்று. முணுமுணுத்துக்கொண்டு இறங்கிய கூட்டம் பலகை விளிம்புவரை நெருங்கிப் பார்த்தது. சிவந்த சிறு செடி ஒன்றின் பசையில் பூச்சி ஒட்டியிருப்பதை நேசமலர் காட்டினார்.

“பூச்சி தின்னுமோ இது?” பஸ்ஸில் வந்த பற்றிமா அக்கா குனிந்து பார்த்தார். “அப்ப குமாரசாமி அண்ணை வீட்டில வைக்கேலாது. அவை சுத்த சைவம்.”

சிரிப்பு அடங்கியதும், எரியக்கூடிய இந்தச் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து, கால்வாய் தோண்டி, விறகாகப் படகில் ஏற்றி விற்றுத்தான் இங்குள்ளவர்கள் பிழைத்தார்கள் என்று நேசமலர் சொன்னார். தொழிற்சாலையில் உழைத்துத் தேய்ந்த குமாரசாமி, கரையில் கிடந்த கறுத்த மண்கட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

“ஈர மண்ணை வெட்டிறது லேசில்லை” என்றார்.

அதன்பிறகு கோட்டை, காற்றாலை, தேநீர்க் கடை. கோப்பையின் அடியில் போட்ட கற்கண்டு வெடிக்க ஊற்றிய தேநீரைக் கலக்காமல் குடிக்க வேண்டும் என்றதும், “கடைசி மிடறுதான் இனிப்போ? நல்ல தந்திரம்” என்று சொல்லிச் சனம் மறுபடி மறுபடி கேட்டது. நேரத்தோடு வந்தவர்களைக் கடைசியில் நேசமலர்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

கரைக்குப் போனபோது கடல் எப்போதோ வற்றியிருந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் மினுங்கும் சேறு. செருப்பைக் கழற்றிய சனம் பிள்ளைகளைப்போல இறங்கியது. கொஞ்சத் தூரம் நடந்ததும் எதிரே தீவு தெரிந்தது.

“தீவு மட்டும் போவம்” என்றார் குமாரசாமி.

“இல்லை அண்ணை. இதோடை திரும்புவம். தண்ணி வரப்போகுது.”

“இவ்வளவு தூரம் வந்து...”

“உங்களுக்கு ஒண்டு நடந்தால் நான்தான் பதில் சொல்லவேணும். திரும்புங்கோ.”

நேசமலரின் குரல் இறங்கவில்லை. குமாரசாமியின் முகம் சுண்டியது. இனி ஹொலண்டுதான் என்று நேசமலர் நினைத்துக்கொண்டார், ஆனாலும் அசையவில்லை. சனம் ஒவ்வொருவராகத் திரும்பியது.

கரையேறிக் கால் கழுவும்போது, அவர்கள் நின்ற இடத்தைத் தண்ணீர் சத்தமில்லாமல் மூடிக்கொண்டிருந்தது. குமாரசாமி திரும்பி அதைப் பார்த்தார். பிறகு நேசமலருக்காகக் குழாயைத் திறந்துவிட்டார்.

“காலைக் கழுவு தங்கச்சி. வாற வருசம் ரெண்டு பஸ் கொண்டுவாறன். தீவுக்கு எப்ப போகலாமெண்டு நீயே பார்த்துச் சொல்லு.”