ஆயுத பூஜை மாலையும் பழைய சட்டையும்

கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து மூட்டைகளை மேல்மாடிக்குத் தூக்கும் மெசினில் நான் வேலை செய்கிறேன். போன வருடம் ஆயுத பூஜைக்கு, அதன் கயிறு சுற்றும் உருளையிலும் செவ்வந்தி மாலை கட்டினோம்.

மறுநாள் விஜயதசமி என்பதால், தீபாவளிக்குத் தைத்த புதுச் சட்டையை மாட்டினேன். "அத தீபாவளிக்கு வைங்க" என்று மனைவி பிடுங்கிக்கொண்டாள். முணுமுணுத்தபடி, நைந்துபோன பழையதைப் போட்டுக்கொண்டு லயத்து வீட்டிலிருந்து கிளம்பினேன்.

மெசினை ஓடவிட்ட பிறகுதான் மாலையை அவிழ்க்கவில்லை என்பது கண்ணில் பட்டது. சாமிக்குப் போட்ட பூ நசுங்கினால் பாவம் என்று, மெசினை நிறுத்தாமலே கையை நீட்டிவிட்டேன். மாலையின் நார் சட்டைக்கையைச் சுற்றி இழுத்தது. நல்லவேளை, இற்றுப்போன துணி தோளோடு கிழிந்துகொண்டு போனது. எனக்குச் சிராய்ப்பு மட்டும்தான்.

ஓடிவந்து மெசினை நிறுத்திய, தொழிற்சாலை இன்ஜினை ஓட்டும் டிரைவர் மாணிக்கம், "பூ நாளைக்கும் பூக்கும். கை பூக்குமாண்ணே?" என்றார்.

இந்த வருடம் மெசினுக்குப் பொட்டு மட்டும் வைத்தேன். "மாலை எங்கண்ணே?" என்று கேட்ட மாணிக்கத்திடம், சுவரில் மாலையோடு இருந்த சாமி படத்தைக் காட்டினேன்.

"சாமி அங்கேருந்தே பாத்துக்கிரும்" என்றேன்.

மறுநாள் காலை, எந்தச் சட்டை என்று மனைவியைக் கேட்டுத்தான் போட்டேன்.