மச்சான் வண்டியும் என் பெயிண்ட் வாளியும்

லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்பும்போது மச்சான் தன் பைக் சாவியை என்னிடம்தான் கொடுத்தார். அக்காவுக்கு அப்போது வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் சும்மா நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும். நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். வண்டியை நான் வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை போய் அக்காவை வேண்டிய இடத்துக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு.

“மாப்ள, பெட்ரோல் போடு, ஓட்டு, தொடச்சு வையி. அம்புட்டுதான். ஒரு ஸ்க்ரூவக்கூடத் தொடக்கூடாது” என்றார்.

அவர் என் பழைய வண்டியைப் பார்த்தவர். அதில் கம்பெனி கொடுத்தது எது, நான் ஒட்டியது எது என்று எனக்கே மறந்துவிட்டது. இருந்தாலும் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. மில்லில் ஒரு மெஷின் நின்றால் என்னைத்தானே தேடுகிறார்கள்!

பத்து நாள் பொறுத்தேன். எனக்குக் கை சும்மா இருக்காது. முதலில் கைப்பிடி. ஓட்டும்போது உள்ளங்கை மரத்துப்போனதால் கிரிப்பைக் கழற்றிவிட்டு, பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கமாகச் சுற்றினேன். சேறு தெறிக்காமலிருக்க பின் மட்கார்டில் லாரி டியூபில் ஒரு பட்டை. போன் வைக்க பிவிசி பைப்பை நெருப்பில் காட்டி வளைத்து ஒரு தாங்கி. ஹாரன் பூனைக்குட்டி மாதிரி இருந்தது, மாற்றினேன். செயினுக்கு மில்லில் மிஞ்சிய ஸ்பிண்டில் ஆயில். அது தண்ணியாக இருக்கும், பாதி சக்கரத்தில் தெறித்துவிடும். அதற்கென்ன, துடைக்கத்தான் கழிவுப் பஞ்சு இருக்கிறதே.

ஆனால் நான் விவரம் கெட்டவன் இல்லை. கழற்றிய கம்பெனிச் சாமான் ஒவ்வொன்றையும் ஒரு காலி பெயிண்ட் வாளியில் போட்டு வைத்தேன். மச்சான் வரும் தேதி தெரிந்ததும் வாளியிலிருப்பதையெல்லாம் திரும்ப மாட்ட வேண்டும். வாளி காலியானால் வேலை முடிந்தது. மில்லிலும் நான் அப்படித்தான் செய்வேன். ஒருநாளும் தப்பியதில்லை.

மழைக்காலத்தில் அக்காவை ஏற்றிக்கொண்டு கூமாப்பட்டிக்கு ஒரு விசேஷத்துக்குப் போனேன். தோப்புப் பாதை முழுக்கச் சேறு. திடீரென்று வண்டி ஸ்டார்ட் ஆவதும், கியர் போட்டதும் அணைவதுமாக இருந்தது. புது வண்டிகளில் சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் கியர் விழுந்ததும் எஞ்சின் நின்றுவிடும். அதற்கான சென்சாரில் சேறு புகுந்துவிட்டது. ஸ்டாண்டை எடுத்த பிறகும், எடுக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தது. அக்கா பட்டுச்சேலையோடு தூறலில் நின்றாள். நான் சென்சாருக்குப் போகும் இரண்டு வயரையும் அறுத்து, ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றினேன். வண்டி கிளம்பிவிட்டது. ஸ்க்ரூவைத் தொடவில்லையே, வயரைத்தானே தொட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“நீ இருந்தா மெக்கானிக்கே வேண்டாம்லே” என்றாள் அக்கா. அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த லீவுக்கு மச்சான் வந்தார். திரும்பிப் போனதும் அவருக்குப் பதவி உயர்வுக்கான பயிற்சி. அதில் ஓட்டம்தான் முக்கியம் என்று தினமும் விடியற்காலையில் ஓடினார். அவர் வருவதற்கு முந்தின நாளே நான் வாளியைக் காலி செய்து, வண்டியைக் கழுவி, வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கிரிப்பைத் தடவினார். “தங்கமா வச்சிருக்கியே மாப்ள” என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

ஒருநாள் மச்சானும் அக்காவும் கிருஷ்ணன்கோவில் பக்கம் கிளம்பினார்கள். பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து இடதுபக்கம் திரும்பியபோது, கீழே தொங்கிக்கொண்டிருந்த ஸ்டாண்டு தார்ரோட்டில் இடித்து வண்டியைத் தூக்கிப் போட்டது. அக்காவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. மச்சானுக்குக் கணுக்கால் எலும்பு முறிவு.

ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வயரை முறுக்கியபோது நான் எதையும் கழற்றவில்லை. வாளியில் போட ஒன்றும் இல்லை, அதனால் திரும்ப மாட்டும்போது அது நினைவுக்கே வரவில்லை. என் பழைய வண்டியில் சென்சாரே கிடையாது. ஸ்டாண்டை எடுத்துவிட்டே கிளம்பிப் பழகியவன் நான். மச்சானோ, மறந்தால் வண்டியே நின்று காட்டும் என்று நம்பி ஓட்டியவர்.

“ஸ்டாண்டு ஸ்பிரிங் லூசா இருந்திருக்கும். நாந்தான் பாத்திருக்கணும்” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் படுக்கையில் கிடந்தபடி தன்னையே குறை சொன்னார். மூன்று நாள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. நாலாம் நாள் அக்காவும் பக்கத்தில் இருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

மச்சான் சத்தம் போடவில்லை. “வேற என்னென்ன தொட்ட?” என்றார். கைப்பிடியில் ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. கேட்டுவிட்டு, தலையணைக்கடியிலிருந்த சாவியை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். அந்தத் தடவை பயிற்சிக்கு அவரால் போக முடியவில்லை.

அக்கா சுடிதார் வாங்கி, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, வண்டி ஓட்டப் பழகிவிட்டாள். போன மாதம் ஷிப்ட் முடிந்து நான் மில் வாசலுக்கு வந்தபோது, எதிர்வெயிலில் அவள் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ராஜபாளையத்துக்கு ஒரு வேலையாக வந்தவளுக்கு வண்டி வழியில் நின்றுவிட்டதாம். முகமெல்லாம் வேர்வை.

ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிச் சத்தத்தைக் கேட்டாலே எனக்குக் காரணம் பிடிபட்டுவிடும். “தாக்கா, செத்த நேரம் பாக்கேன்” என்று குனிந்தேன்.

“வேண்டாம்ப்பா. கடையிலேயே குடுத்துக்கிடுதேன்” என்றாள்.

அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக் கடை வரைக்கும் பின்னாலிருந்து தள்ள மட்டும் என்னை விட்டாள்.