செங்கல்பட்டு போன்

தாம்பரத்தில் இறங்குகிறவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தெற்கிலிருந்து எந்த ரயிலில் வந்தாலும் செங்கல்பட்டு தாண்டியதும் வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும். அங்கிருந்து தாம்பரம் அரை மணி நேரம். அந்தப் போன் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அம்மா இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுவாள், அப்பா ஸ்கூட்டரை வெளியே எடுப்பார். அஸ்தினாபுரத்து வீட்டு வாசலில் நான் பையோடு இறங்கும்போது முதல் ஈடு இட்லி வெந்திருக்கும். எழும்பூர் வரை போகிறவர்களுக்கு இந்தச் சுகமெல்லாம் தெரியாது, பாவம்.

என் வேலை அப்படி. ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனை மெஷின்களைப் பொருத்தி, அவற்றை ஓட்டுவது எப்படி என்று அங்கிருக்கும் லேப் டெக்னீஷியன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆபீஸ் கேளம்பாக்கத்தில். ஆனால் மாதத்தில் இரண்டு முறையாவது நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடி என்று எங்காவது கிளம்பிவிடுவேன். ஆபீஸில் கூட உட்காருகிறவர்கள், உனக்கென்ன, கம்பெனி செலவில் ஊர் சுற்றுகிறாய் என்று பொறாமைப்படுவார்கள். ஒரு பக்கெட்டுக்கு மேல் சுடுதண்ணீர் வராத லாட்ஜ் குளியலறைகளை அவர்கள் பார்த்ததில்லை.

ஆனாலும் எனக்கு இந்த வேலை பிடிக்கும். இருபது வருடமாகப் பழைய மெஷினோடு குடித்தனம் நடத்திய டெக்னீஷியன் அக்கா, முதல் நாள் என்னையும் என் மெஷினையும் புது மருமகளைப் பார்க்கிற மாமியார் மாதிரி பார்ப்பார். இரண்டாம் நாள் மத்தியானம் தன் டிபன் பாக்ஸிலிருந்து மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைப்பார். மூன்றாம் நாள், பயணம் சொல்லிக்கொள்ளும்போது, கல்யாணம் எப்போது என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பயிற்சி நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.

பிடிக்காதது ஒன்றுதான், ரயிலில் எனக்குத் தூக்கம் வராது. ஏசி பெட்டியானாலும் யாராவது ஒருவர் குறட்டை விடுவார், இன்னொருவர் சத்தமாக வீடியோ பார்ப்பார். விடிய விடியப் புரண்டுவிட்டு, கடைசியில் கண் அசரும் நேரத்தில் ஊர் வந்துவிடும். இதை வீட்டில் சொன்னதில்லை. சொன்னால் வேலையை விடு என்பாள் அம்மா. பிளாட்பாரத்தில் என் பையை வாங்கிக்கொண்டதும் அப்பா முதலில் கேட்பது, "நல்லாத் தூங்கினியாம்மா?"

"நல்லாத் தூங்கினேன்ப்பா."

அவர் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். "ஆமா, முகத்துலயே தெரியுது" என்பார். எனக்கும் திருப்தியாக இருக்கும். பொய் சொல்வதில் நான் தேறிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நான் ஊருக்குக் கிளம்பும் போதெல்லாம், ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கேட் அருகே நின்று ஜெபம் பண்ணுவார். ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார். "ஆண்டவரே, பிள்ளை போகிற வழியையும் வருகிற வழியையும்" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வரும். நேரம் இருந்தால் ஜெபம் நீளும், நேரமாகிவிட்டால் இரண்டே வரியில் ஆமென். கர்த்தருக்கும் ரயில் டைம் தெரியும் என்பது அவர் கட்சி.

இந்த ஏற்பாட்டில் என் சொந்தக் கெட்டிக்காரத்தனம் ஒன்றையும் சேர்த்தேன். செங்கல்பட்டுக்கு எத்தனை மணிக்கு ரயில் வரும் என்று பார்த்து போனில் அலாரம் வைத்துவிடுவேன். அது அடித்ததும், ஜன்னல் பக்கம் திரும்பாமல், படுத்தபடியே, "செங்கல்பட்டு தாண்டியாச்சுப்பா" என்று சொல்லிவிட்டு இன்னொரு கால் மணி நேரம் கண்ணை மூடுவேன். ஒரு வருடமாக இது பிசகவே இல்லை.

போன ஆடி மாதத்தில் ஒரு நாள் பிசகியது. நாகர்கோவிலிலிருந்து வருகிறேன். அலாரம் அடித்தது, போன் பண்ணினேன், கண்ணை மூடினேன். மறுபடி விழித்தபோது வெளியே பளபளவென்று விடிந்திருந்தது. தாம்பரத்தைத் தவறவிட்டுவிட்டேன் என்று அலறிக்கொண்டு கீழே குதித்தேன். கீழ் பெர்த் பெரியவர் நிதானமாகச் சொன்னார், வண்டி இரண்டு மணி நேரம் லேட், இப்போதுதான் விழுப்புரம் தாண்டியிருக்கிறது என்று.

உடனே அப்பாவை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வீட்டுக்கு அடித்தால் அம்மா எடுத்து, அவர் அப்போதே கிளம்பிவிட்டார், இட்லியும் வெந்துவிட்டது, நீ எங்கே இருக்கிறாய் என்றாள். சொன்னேன். அதற்கு அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

தாம்பரத்தில் இறங்கும்போது நல்ல வெயில். அப்பா பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று அசட்டுச் சிரிப்போடு அவரைப் பார்த்து நடந்தேன். அவரும் எழுந்து என் பக்கம்தான் பார்த்தார். ஆனால் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவளுக்குப் பின்னால் வந்தவளை. நான் அவரிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா" என்றேன்.

"வந்துட்டியா" என்று குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். போனை சைலன்டில் போட்டிருந்தாராம், மூன்று டீ குடித்தாராம், டீக்கடைக்காரரின் பையன் பிளஸ் டூ கணக்கில் வீக்காம். எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். பத்தடியில் பெற்ற மகளைத் தெரியாதவர், ஸ்கூல் வேன்களுக்கும் மாநகரப் பேருந்துகளுக்கும் நடுவே என்னை ஓட்டிக்கொண்டு போகிறார். சிட்லபாக்கத்தில் ஓர் இடத்தில் வேகத்தைக் குறைத்து, வண்டியை மெல்ல ஏற்றி இறக்குகிறவர் போல உடம்பைத் தூக்கினார். அங்கிருந்த ஸ்பீட் பிரேக்கரை எடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அப்பா கண்ணால் ஓட்டவில்லை, ஞாபகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பேப்பர்காரன் மையில் கஞ்சத்தனம் பண்ணுகிறான் என்று சில மாதமாகவே குறைபட்டுக்கொண்டிருந்தார். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே பாடினார். பாட்டெல்லாம் மனப்பாடம் என்று அவருக்குப் பெருமை வேறு. ஊர் ஊராகப் போய் ஆஸ்பத்திரிகளில் நிற்கிற எனக்கு வீட்டில் இருப்பது கண்ணில் படவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். கல்லாகிவிட்ட இட்லியை உப்புமாவுக்காக உதிர்த்துக்கொண்டே சொன்னாள். ஆறு மாதத்துக்கு முன்பே இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆபரேஷனுக்குத் தேதி வாங்க அப்பா மறுத்துவிட்டாராம்.

"ஏன்?"

"ஒரு மாசம் வண்டி ஓட்டக்கூடாதாம். ரெண்டு கண்ணுக்கும் சேர்த்தா ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிடும். அதுவரைக்கும் புள்ளைய யாரு கூட்டிட்டு வருவான்னு கேக்கறார். நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கார்?"

எனக்குக் கோபம் வந்தது. நேரே போய், இனிமேல் ஆட்டோவில் வந்துகொள்கிறேன், நீங்கள் ஸ்கூட்டரைத் தொடக்கூடாது என்றேன். சொன்ன விதம் தப்பு. அப்பா எழுந்துபோய், ஏற்கெனவே துடைத்திருந்த ஸ்கூட்டரை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மா மூலமாகச் சேதி வந்தது: ஆட்டோவில் அனுப்பத்தான் பெண்ணைப் பெற்றேனா என்று.

சிக்கலுக்கு வழி ஒன்றுதான் இருந்தது. அது எனக்குப் பிடிக்காத வழி. ஆறு மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் மெஷின் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் இருந்தது. காலேஜ் படிக்கும்போது வாங்கியது. வாங்கிய வாரமே எங்கள் தெருமுனைச் சாக்கடைக்குள் வண்டியோடு இறங்கி, இனி தொடமாட்டேன் என்று சபதம் பண்ணியிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தரும் ஓர் அக்காவைப் பிடித்தேன். ஆபீஸ் போவதற்கு முன், காலை ஆறு மணிக்கு, பக்கத்து மைதானத்தில் வகுப்பு. குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டுவது என்பதை அங்கேதான் நேரில் கண்டேன். கிரிக்கெட் ஆட வந்த பையன்கள் எனக்காக விக்கெட்டைத் தள்ளி நட்டார்கள். நான் காலைத் தரையில் தேய்த்தபடியே ஓட்ட, அக்கா பின்னாலேயே ஓடிவருவார்.

"இன்னா கண்ணு, நடந்துகினு போறதுக்கு உனக்கு வண்டி எதுக்கு? காலைத் தூக்கு. வீலைப் பாக்காத, அது எங்கயும் ஓடிப் போவாது. ரோட்டைப் பாரு."

மூன்று வாரத்தில் காலைத் தூக்கினேன். நான்காவது வாரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ்ஸை முந்தினேன். அது ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

அப்புறம்தான் அப்பாவிடம் போனேன். இந்தத் தடவை கட்டளை போடவில்லை. ஸ்கூட்டரை நானே ஓட்டிப்போய் ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன், அதிலேயே திரும்பி வருகிறேன், நீங்கள் தேதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அப்பா வாத்தியார் அல்லவா, பரீட்சை வைத்தார். அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு குரோம்பேட்டை வழியாகத் திருநீர்மலை அடிவாரம் வரை போய்த் திரும்ப வேண்டும். கிளம்புமுன் ஹெல்மெட்டோடு ஒரு ஜெபம் நடந்தது. அவ்வளவு நீளமான ஜெபத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

வழியெல்லாம் ஹாரன் அடி, இடது பக்கம் போ, இண்டிகேட்டரை அணை என்று பின்னாலிருந்து உத்தரவு. மலை தெரிய ஆரம்பித்த இடத்தில், "முன்னாடி பஸ் நிக்குது, பாத்துப் போ" என்றார்.

பஸ் எதுவும் இல்லை. பூட்டியிருந்த ஒரு கடையின் மேல் நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் வேகத்தை மட்டும் குறைத்தேன். வண்டி அதன் பக்கத்தில் போனபோது, அது என்னவென்று அவருக்கே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு உத்தரவு எதுவும் வரவில்லை.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினேன். அப்பா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நூத்துக்கு முப்பத்தாறு" என்றார். "பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. ஒண்ணு நான் போட்டது." ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டே, "தேதி வாங்கிடும்மா" என்றார்.

ஒரு கண், ஐந்து வாரம் கழித்து இன்னொரு கண். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பா வீட்டில் செய்த அட்டகாசம் கொஞ்சமில்லை. சுவரெல்லாம் அழுக்கு, மிக்ஸி வெள்ளை நிறம் என்று நினைத்தேனே, மஞ்சளாக இருக்கிறதே, உனக்கு எப்போது இவ்வளவு நரைத்தது என்று அம்மாவைத் துளைத்தார். கண் தெரியாத போதே நிம்மதியாக இருந்தேன் என்றாள் அம்மா. நான் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் விட்டு ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். செங்கல்பட்டு போனை மட்டும் விடவில்லை. ஆனால் இப்போது எழுந்து உட்கார்ந்து, ஜன்னலில் ஸ்டேஷன் பெயரைப் படித்துவிட்டுத்தான் அழைப்பேன். அப்பா எடுத்து, "சரிம்மா" என்று வைத்துவிடுவார். அந்தச் சரியில் பழைய உற்சாகம் இருக்காது.

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து வந்தேன். செங்கல்பட்டு தாண்டியதும் அழைத்தேன். அம்மாதான் எடுத்தாள், இட்லி வைக்கிறேன் என்று சொல்லி உடனே வைத்துவிட்டாள். தாம்பரத்தில் ரயில் வேகம் குறைந்து பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபோது நான் கதவருகே நின்றிருந்தேன். தூரத்தில், டீக்கடைக்குப் பக்கத்தில், யாரோ மடித்த பேப்பரைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். யாரை அழைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. அப்பா. கறுப்புக் கண்ணாடி இல்லை, பழைய கண்ணாடியும் இல்லை. இரண்டு பெட்டி தூரத்திலிருந்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

இறங்கியதும் பையை வாங்கிக்கொண்டார். முந்தின நாள்தான் டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொன்னாராம். ஸ்டாண்டில் இருக்கும் ஸ்கூட்டரில் என்னைக் கூட்டிப்போகவே பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"நல்லாத் தூங்கினியாம்மா?"

"நல்லாத் தூங்கினேன்ப்பா."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். வழக்கமாகப் பார்க்கிற நேரத்தைவிட அதிகமாகவே பார்த்தார். பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

"கண்ணுக்குக் கீழ இப்படிக் கறுத்துக் கிடக்கே. எத்தனை நாளா இது?"

நான் சொல்வதற்கு முன் அவரே கணக்குப் போட்டுவிட்டார் என்று தெரிந்தது.

"நானும் ஒவ்வொரு தடவையும் முகத்துலயே தெரியுதுன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றார். பிறகு ஸ்கூட்டர் சாவிக்காகக் கையை நீட்டினார்.

கொடுத்தேன். ஸ்டாண்டுக்கு நடந்து போகிற வழியில், எனக்கு ரயிலில் தூக்கமே வராதுப்பா என்று முதல் தடவையாகச் சொன்னேன்.